முதலில் இழு, பிறகு கேள்

3 பிப்ரவரி 1985

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நான் சௌக்கியம். பாப்பா சௌக்கியம், பேத்தியும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். ஒன்றரை வருஷமாக ஒரு கார்டு போடாதவளுக்கு அதற்கு மேல் விசாரிப்பு கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க, சண்டைக் காலத்தில் நம் நகரத்தில் நடந்து யாருக்கும் தெரியாமல் போன சங்கதிகள் என்று போட்டிருந்தான். கோர்ட்டுக் கட்டடத்துக்கு அடியில் குண்டுக்குப் பயந்து வெட்டிய பதுங்கு அறை இருக்கிறதே, அதைக் கழுவி, விளக்குப் போட்டு, ஜனங்கள் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்களாம். வாசலில் ஒரு பித்தளைப் பலகை. அதில் வெட்டப்போகிற வாசகத்தையும் போட்டிருந்தான். வாசித்துக்கொண்டே வந்த பேத்தி, அந்த இடம் வந்ததும் பேப்பரை மடித்துவிட்டாள். நான் விடுவேனா? பிடுங்கி, எழுத்துக் கூட்டி நானே படித்தேன்.

"1942 மார்ச் 19 அன்று, குடிபோதையில் இருந்த நீரேற்று நிலைய ஊழியர் ஒருவர் காரணமின்றி அபாயச் சங்கை ஒலித்ததால் ஏற்பட்ட நெரிசலில், இப்படிக்கட்டில் ஒன்பது பேர் உயிரிழந்தனர்."

குடிபோதையாம். காபியே இரண்டாவது தம்ளர் கேட்காத மனுஷர் உன் அண்ணன். பம்ப் எஞ்சின் ஓட்டின கையால் பதினெட்டு வருஷம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். தெருவில் போனால் வால் மாதிரி பின்னாடியே பிள்ளைகள் வரும், "சங்கு வருது, சங்கு வருது" என்று. ஒரு நாளாவது திரும்பிப் பார்த்து முறைத்திருப்பாரா? அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் முறைத்தேன். இன்னும் முறைக்கிறேன்.

ஜெயிலிலிருந்து வந்த அன்றைக்கு என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மணி அடிச்சது. அதுக்கு மேல கேக்காத." செத்துப் போகிற வரைக்கும் அதற்கு மேல் சொல்லவில்லை. பம்ப் ஹவுஸ் டெலிபோனில் மணி அடிக்க வேண்டுமானால், குண்டுவீச்சுப் பாதுகாப்புக்கு இருந்த அந்த ஏ.ஆர்.பி. துரைதானே அடிக்க வேண்டும்? இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு திரிவானே, அவன்தான். கூப்பிட்டுவிட்டு, ஒன்பது பேர் செத்ததும் கூப்பிடவே இல்லை என்று கையைக் கழுவிவிட்டான்.

அன்றைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயர் செருகுகிற பலகை முன்னால் உட்கார்ந்திருந்தவள் நீ. உனக்குத் தெரியாமல் ஒரு மணி அடித்திருக்க முடியாது. தப்பு இருந்தால் மார்ச் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறான். நீ எழுது.

மறக்கத் தெரியாத
அண்ணி


20 பிப்ரவரி 1985

மதிப்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. முழங்கால்தான் மாடிப்படி ஏறவிடமாட்டேன் என்கிறது. கீழே ஓர் அறை காலியாகப் போகிறதாம், வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது, அட்டை வைத்து மறைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு அந்தத் தலைவலி இன்னும் வருகிறதா? வெயிலில் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருந்த விஷயம் பற்றி. அண்ணனே பேசாமல் விட்டதை நாம் ஏன் கிளற வேண்டும்? பலகையை யார் நின்று படிக்கப் போகிறார்கள்? உங்களுக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


26 பிப்ரவரி 1985

பதுங்கு அறை நினைவுக்கூடக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

நீங்கள் யார் எவர் என்று தெரியாது, ஆனாலும் நலமாக இருங்கள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது.

நீங்கள் பலகையில் குடிகாரன் என்று எழுதப்போகிறவரின் பெண்சாதி நான். அவர் குடித்திருந்தார் என்று உங்களுக்குச் சொன்னது யார்? விசாரணை ரிப்போர்ட்டா? அந்த ரிப்போர்ட்டை எழுதியது யார்? அந்தத் துரையோடு தினமும் ஒரே மேஜையில் சாப்பிட்ட இன்னொரு துரை. மோந்து பார்த்த டாக்டர் யாராவது உண்டா என்று பாருங்கள். கிடையாது.

சங்கு ஊதியதால் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கு ஊதினால் எப்படிச் சாவார்கள்? காதிலா அடித்தது? எங்கள் தெருவில் பழம் விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் தங்கை அந்தப் படிக்கட்டில் போனவள். இரண்டு வருஷம் எங்கள் வீட்டைப் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் போவாள். அப்புறம் ஒரு நாள் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "கீழ இரும்புக் கதவுல பூட்டு தொங்குச்சு. முன்னாடி நின்னவங்க பூட்டு பூட்டுன்னு கத்தினாங்க. பின்னாடி வந்தவங்களுக்குக் கேக்கல. உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு இனிமே கோபம் இல்ல." அன்றிலிருந்து அவள் துப்பவில்லை. அவளுக்குத் தெரிந்தது நகராட்சிக்குத் தெரியாதா?

சங்கை ஊதச் சொன்னது துரை. கதவைப் பூட்டினது துரை. ஜெயிலுக்குப் போனது என் வீட்டுக்காரர். இதைப் பலகையில் எழுதுங்கள்.

பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நேரில் வருவேன்.

இப்படிக்கு,
அவர் பெண்சாதி


14 மார்ச் 1985

அம்மையீர்,

தங்கள் 26-2-85 தேதியிட்ட கடிதம் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. தங்கள் உணர்வுகளைக் குழு மதிக்கிறது.

விசாரணை அறிக்கையின்படி, அன்று பகல் நீரேற்று நிலையத்துக்கு எந்தத் தொலைபேசி அழைப்பும் இணைக்கப்படவில்லை. பணியிலிருந்த தொலைபேசி ஊழியர் இதைக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தியுள்ளார். தங்கள் கணவரும் "கை தவறிவிட்டது" என்றே வாக்குமூலம் அளித்துள்ளார். ஆவணமோ நேரடிச் சாட்சியமோ இன்றி வாசகத்தை மாற்ற இயலாது. தங்களிடம் அவ்வாறு ஏதேனும் இருப்பின், காலக்கெடுவை ஜூன் இறுதி வரை நீட்டிக்கக் குழு ஒப்புக்கொண்டுள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்


20 மார்ச் 1985

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பாப்பாவுக்குத் தலைவலி இல்லை. இப்போது எனக்குத்தான் வந்திருக்கிறது.

நேற்று பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று முடிந்தது. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்படி இன்றைக்குத்தான். பள்ளியில் சேர்க்கும்போது உன் அண்ணன் பத்தொன்பது என்பதை இருபது என்று எழுதிவிட்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? இரண்டு நாள் வலியில் துடித்துப் பெற்றவள் எனக்கு நாள் தெரியாதா, மாற்றிவிட்டு வாருங்கள் என்று ஒரு மாசம் சண்டை போட்டேன். மாற்றவில்லை. பாப்பாவிடமும் இருபது என்றே சொல்லி வளர்த்தார். எதிர்த்துப் பேசி அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன். லாக்கப்பில் கிடந்த குழப்பத்தில் நாள் மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மன்னிக்கவில்லை. அதுவும் கணக்கில் இருக்கிறது.

குழுக்காரன் பதில் போட்டிருக்கிறான். எந்த அழைப்பும் இணைக்கப்படவில்லை என்று ஊழியர் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். அந்த ஊழியர் யாரென்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மிரட்டி வாங்கியிருப்பார்கள். உனக்கு அப்போது பத்தொன்பது வயசு, வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. நாற்பத்து மூன்று வருஷமாக உனக்கு இலை போடும்போதெல்லாம் இருந்தது. ஆனாலும் போட்டேனா இல்லையா? இப்போது துரையும் இல்லை, அவன் ராஜ்ஜியமும் இல்லை. நீயும் சூப்பர்வைசராகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். யாருக்குப் பயம்?

இரண்டே வரி போதும். துரை கூப்பிட்டான், நான் இணைத்தேன். எழுதி அனுப்பு. அந்தப் பித்தளையில் உன் அண்ணன் குடிகாரனாக இருந்தால், அந்தப் படியில் என் கால் படாது, உன் படியிலும் படாது.

அண்ணி


21 ஏப்ரல் 1985

நாத்தனாருக்கு,

கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் படிக்கட்டும்.

ஒரு மாசம் ஆகிவிட்டது. இருக்கிறாயா என்று உன் வீட்டுச் சொந்தக்காரருக்குத் தந்தி அடிக்கலாமா என்று பாப்பா கேட்கிறாள். முழங்காலில்தானே வலி? கைக்கு என்ன?

அண்ணி


9 மே 1985

அண்ணிக்கு வணக்கம்.

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை, அது உடம்பு சம்பந்தமாக இல்லை. இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. தயவுசெய்து தனியாக இருக்கும்போது படியுங்கள்.

துரை கூப்பிடவில்லை அண்ணி. நான் கூப்பிட்டேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணன் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்தார். உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தாயா பிள்ளையா என்று டாக்டரம்மா கேட்டுவிட்டார் என்றார். லீவு கேட்டதற்கு, சண்டைக் காலத்தில் பிள்ளைப்பேறுக்கெல்லாம் லீவு கிடையாது என்று துரை சொல்லிவிட்டானாம். "எதுவா இருந்தாலும் உடனே எனக்குச் சொல்லிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். பெண், இரண்டு உயிரும் பிழைத்தது. உடனே பம்ப் ஹவுஸ் மேஜை போனுக்கு ஒயரைச் செருகினேன். லைன் செத்துக் கிடந்தது. பக்கத்திலேயே சுவரிலிருக்கிற சிவப்புப் பெட்டி போனின் துளை. அவசரத்துக்கு மட்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இதைவிட என்ன அவசரம் என்று தோன்றிவிட்டது. கை பழக்கத்தில் அழைப்புச் சீட்டு எழுதினேன், செருகினேன், மணி அடித்தேன்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் என்ன ஒட்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. எக்ஸ்சேஞ்சில் யாருக்குமே தெரியாது, பிற்பாடு அண்ணன்தான் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் போனில் பேசுவது கேட்காது, நேரம் வீணாகும் என்று துரை எழுதி ஒட்டிய உத்தரவு அது. மணி அடித்தால் முதலில் சங்கின் கைப்பிடியை இழு, பிறகு எடுத்துக் கேள்.

அண்ணன் இழுத்தார். பிறகு எடுத்தார்.

"அண்ணா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று நான் சொல்லும்போதே எங்கள் ஜன்னலுக்கு வெளியே சங்கு அலற ஆரம்பித்துவிட்டது. நிஜமாகவே விமானம் வருகிறது என்று நினைத்து நான் மேஜைக்கு அடியில் குனிந்தேன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. அவர் சொன்னார்.

"என்னம்மா பண்ணிட்ட."

அப்புறம், "நீ கூப்பிடல. புரியுதா? நீ இன்னைக்கு என்னைக் கூப்பிடவே இல்ல."

துரையின் அனுமதி இல்லாமல் சங்கை நிறுத்தக்கூடாது. அண்ணன் நிறுத்தினார், அபாயம் நீங்கியது என்று தானே ஊதினார். நாலு நிமிஷம்தான். அதற்குள் படிக்கட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அனுமதி இல்லாமல் நிறுத்தியதையும் அவர்மேல் இன்னொரு குற்றமாக எழுதினார்கள்.

விசாரணையில் என்னை மிரட்டவில்லை அண்ணி. யாரும் மிரட்டவே இல்லை. ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அண்ணன் எதிரே நின்றுகொண்டு, போடு என்று கண்ணைக் காட்டினார். அந்தக் கையெழுத்தில்தான் சூப்பர்வைசர் ஆனேன். நான் கல்யாணம் வேண்டாம் என்றதற்கு நீங்கள் எத்தனையோ காரணம் கண்டுபிடித்தீர்கள். உங்கள் வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போவதை, நாத்தனாருக்குத் திமிர் என்று சொன்னீர்கள். திமிர் இல்லை அண்ணி. பாப்பா ஓடி வந்து மடியில் உட்காருவாள்.

அவள் பிறந்த நாளை அண்ணன் ஏன் மாற்றி எழுதினார் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

சீட்டை அன்றைக்கே ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் கிழிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன செய்தாலும் சரி.

நாத்தனார்


12 ஜூன் 1985

அண்ணிக்கு வணக்கம். நலமா? ஒரு மாதத்துக்கு முன் ரிஜிஸ்தர் தபால் ஒன்று போட்டேன். வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நாத்தனார்


20 ஜூன் 1985

செயலாளர் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். உங்களோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது, அதற்கு நீங்கள் உடம்போடு இருக்க வேண்டும்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் ஒன்று தப்பு. துரை கூப்பிடவில்லை. கூப்பிட்டது என் நாத்தனார். உங்கள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட ஊழியர் அவள்தான். என் மகள் பிறந்த சேதியைச் சொல்லக் கூப்பிட்டாள். அவள் அன்று எழுதிய சீட்டை இதில் வைத்திருக்கிறேன். மதியம் இரண்டு நாற்பது. எங்கே என்ற இடத்தில் பம்ப் ஹவுஸ், சிவப்பு. காரணம் என்ற இடத்தில் அவசரம். அவள் கடிதத்தையும் பேத்தியைக் கொண்டு காப்பி எடுத்து அனுப்புகிறேன்.

இதை உங்களுக்கு அனுப்புவதா அடுப்பில் போடுவதா என்று ஐந்து வாரம் யோசித்தேன். அனுப்பினால் பழி என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நாற்பத்து மூன்று வருஷம் அந்தத் துரையைத் திட்டியிருக்கிறேன், அதில் பாதி வேஸ்ட்டாகப் போச்சு. தப்பு என்று தெரிந்த பிறகும் மூடி மறைக்க, நான் என்ன விசாரணைக் கமிஷனா?

ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. அதை நான் விடமாட்டேன். நன்றாகக் கேளுங்கள்.

சங்கு ஊதினால் படிக்கட்டுக்கு ஓடு என்று ஆறு மாசம் ஜனங்களைப் பழக்கினான். ஓடினார்கள். சொன்னதைத்தான் செய்தார்கள். மணி அடித்தால் கேட்காமல் இழு என்று என் வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டான். இழுத்தார். அவரும் சொன்னதைத்தான் செய்தார். சொன்னதைச் செய்யாதவன் அந்த ஊரிலேயே ஒருத்தன்தான், கதவைத் திறந்து வைக்க வேண்டியவன். அன்றைக்கு நிஜமாகவே குண்டு விழுந்திருந்தால்? அப்போதும் அந்தப் பூட்டு அங்கேதானே தொங்கியிருக்கும்? ஒன்பது பேர் இல்லை, தொண்ணூறு பேர் செத்திருப்பார்கள், அதற்கு எதிரி விமானத்தின்மேல் பழி போட்டிருப்பான்.

விசாரணை ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பிப் படிக்காதீர்கள். அது அவன் சட்டையைத் துவைக்க எழுதியது. ஏ.ஆர்.பி. உத்தரவுகள் என்று வேறு கட்டு இருக்கும், அதை எடுங்கள். நகல் எடுத்து வைக்காமல் வெள்ளைக்காரன் சுவரில் ஓர் ஆணி கூட அடிக்கமாட்டான். சாவி யாரிடம் இருந்தது என்று தேடுங்கள். சாவிக்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் அந்தப் பலகையில் ஓர் எழுத்து வெட்டக்கூடாது.

அவர் பெண்சாதி


15 ஜூலை 1985

அம்மா,

வணக்கம். தாங்கள் நலமா? இந்தக் கடிதத்தை அலுவலகத் தாளில் எழுதவில்லை. அலுவலகக் கடிதம் தனியாக வரும்.

தாங்கள் சொன்ன கட்டு பதிவறையில் இருந்தது. 1942க்குப் பிறகு அதன் நூலை யாரும் அவிழ்க்கவில்லை. உத்தரவின் நகல் கிடைத்தது. வார்த்தைக்கு வார்த்தை தங்கள் நாத்தனார் எழுதியபடியே இருக்கிறது, அதிகாரியின் கையெழுத்தோடு.

அதற்குக் கீழே இன்னொரு தாளும் இருந்தது. சம்பவத்துக்குப் பதினாறு நாள் முன்பு சந்தைக்காரர்கள் முப்பத்தொரு பேர் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். பதுங்கு அறையின் கதவைப் பகலில் பூட்டாமல் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கைநாட்டு ஒரு தையற்காரருடையது. இறந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். மனுவின் ஓரத்தில் அதிகாரி எழுதியிருக்கிறார்: "திறந்து வைத்தால் அசுத்தம் செய்வார்கள். சாவி என்னிடமே இருக்கும்." அன்று பகல் அவர் ஊருக்கு வெளியே பந்தாட்டம் பார்க்கப் போயிருந்ததாகப் பயணப் பதிவேட்டில் இருக்கிறது. சாவியும் அவரோடுதான் போயிருக்கும்.

இருபது வருஷம் இந்தப் பதிவறையில் வேலை பார்க்கிறேன். குடிபோதை என்ற வார்த்தையை அறிக்கையிலிருந்து பார்த்து எழுதியது நான்தான். என்னை மன்னிக்க வேண்டும்.

செயலாளர்


2 ஆகஸ்ட் 1985

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நான் இருக்கிறேன். உன் ரிஜிஸ்தர் தபால் மே மாசமே வந்துவிட்டது. பதில் போடாதது வேண்டுமென்றேதான். நீ நாற்பத்து மூன்று வருஷம் எடுத்துக்கொண்டாய், நான் மூன்று மாசம்கூட எடுத்துக்கொள்ளக் கூடாதா?

முதலில் பலகை. குடிபோதை போச்சு. செயலாளர் தம்பி எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"மணி ஒலித்தால் கேளாமல் சங்கை ஒலிக்க வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு. ஊழியர் அதன்படி செய்தார். மக்கள் இங்கு ஓடி வந்தனர். இக்கதவு பூட்டியிருந்தது. திறந்து வைக்கக் கோரிய மனுவை நிராகரித்த அதிகாரியிடம் சாவி இருந்தது."

கடைசியில் விபத்து என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார். நேரில் போய் எடுக்க வைத்தேன். இறந்தவர்கள் ஒன்பது பேர் என்று மொட்டையாக இருந்தது, அதையும் விடவில்லை. யார் யார் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தையற்காரர், அவர் மருமகள். பழம் விற்கிற அக்காவின் தங்கை. மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர். தபால் பிரிக்கிறவர். கண் தெரியாத கயிற்றுக்காரர். சலவைக்காரம்மா. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்த நாலு வயசுப் பெண். எல்லாம் பித்தளையில் வரும். "எப்படிம்மா இத்தனையும் நினைவு வெச்சிருக்கீங்க" என்று கேட்டார். மறக்க யாராவது நேரம் கொடுத்தார்களா என்றேன்.

மணி எதற்கு அடித்தது என்று பலகையில் வராது. அது பதிவறைக் கட்டுக்குள் இருக்கும், தேடிப் படிக்கிறவன் படிக்கட்டும். நான் மறைக்கச் சொல்லவில்லை. அவராகவே, இது அந்தக் கதவு சம்பந்தப்பட்டதில்லை அம்மா என்று சொல்லிவிட்டார்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். இரண்டு தரம் படித்தாள். எழுந்து போய் அப்பா படத்தை எடுத்துத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது. திரும்ப மாட்டிவிட்டு, "அப்ப எனக்கு ஒரு நாள் வயசு கூடம்மா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அவர் ஏன் நாளை மாற்றினார் என்று இப்போது எனக்கும் தெரியும். அந்தச் சண்டையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு என்னிடம் சொல்லாமல் போனாரே, அதைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டேன். நான் உன்னை ஏதாவது செய்துவிடுவேன் என்று பயந்திருப்பார். பயந்தது சரிதான்.

இனி உன் விஷயம். பெண் பிறந்ததைச் சொல்லத் தோன்றியதற்கு உன்மேல் கோபம் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நான் இரண்டு போனிலும் கூப்பிட்டிருப்பேன். கையெழுத்துப் போட்டதற்கும் இல்லை, அவர் சொல்லித்தானே போட்டாய். நாற்பத்து மூன்று வருஷம் தனியாகத் தின்றாயே, எனக்கு ஒரு வாய் கொடுக்காமல், அதற்குத்தான். அது ஆறாது. ஆறும் என்று எதிர்பார்த்து வராதே.

ஆனால் வா. செப்டம்பர் ஒன்றாம் தேதி திறக்கிறார்கள். உறவுக்காரர்களுக்கு முன்வரிசையில் மூன்று நாற்காலி போடுகிறேன் என்றார் தம்பி. நாலாகப் போடச் சொன்னேன். பாப்பா ஸ்டேஷனுக்கு வருவாள். நான் உன்னோடு பேசமாட்டேன்.

படிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு. சிமெண்ட் தேய்ந்து வழுக்குகிறது, உன் முழங்காலுக்கு ஆகாது. என் தோளைப் பிடித்துக்கொள். கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பூட்டைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். நானே பார்த்தேன்.

அண்ணி